அந்த பென் டிரைவைச் செருகியது நான்தான்

செந்தில்,

நேற்று சாயங்காலம் நீ புது லேப்டாப்பைப் பிரித்து சமையல் மேடையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா, பாஸ்வேர்டுக்கு உன் பேரே போட்டுடறேன், மறக்கவே மறக்காது" என்றாய். வேண்டாம் என்றேன். பேரெல்லாம் வைக்கக் கூடாது, நம்மைத் தெரிந்த யாரும் ரெண்டே தடவையில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். "உனக்கு இதெல்லாம் யாரும்மா சொல்லிக் கொடுத்தது" என்று சிரித்தாய். நான் அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவனின் பேர் வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பேரைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை நீ பெங்களூர் போய் புனே ரயில் ஏறுகிறாய். இப்போது நீ கிருஷ்ணகிரியில் உன் சிநேகிதர்களைப் பார்க்கப் போயிருக்கிறாய். அப்பா ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. படித்துவிட்டு இதை நீ ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அப்பாவிடம் காட்டலாம், உன் சிநேகிதர்களிடமும் காட்டலாம்.

நாகராஜை உனக்கு நினைவிருக்கும். கெலமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவன். வீட்டில் தெலுங்கு, லாரி டிரைவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். எதில் பேசினாலும் மெதுவாகத்தான் பேசுவான். டிப்ளமோ படித்திருந்தான். காண்ட்ராக்ட் ஆள். வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். நான் ஸ்டோர்ஸில் பர்மனென்ட் கிளர்க். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். நாம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன்தான் வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். உனக்குத் தனியாக ஒரு கணக்கு, எனக்கும் அப்பாவுக்கும் ஒன்று, புது சாஃப்ட்வேர் போடுவதற்கு மட்டும் இன்னொன்று என்று மூன்றாகப் பிரித்து வைத்தான். "தினமும் உட்கார்ற கணக்குக்கு அதிகாரம் கம்மியா இருக்கணும் தம்பி. அப்பத்தான் தப்பா ஏதாவது உள்ள வந்தாலும் அதால நிறைய செய்ய முடியாது" என்று உன்னிடம் சொன்னான். நீ அவனுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த ஏற்பாட்டை இந்த லேப்டாப்பிலும் செய்துகொள். நேற்று நீ அதைச் செய்யவில்லை என்பதைப் பார்த்தேன்.

அது நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த தை மாதம். பர்கூர் காலேஜிலிருந்து சனி ஞாயிறுக்கு வந்திருந்தாய். கிளம்பும்போது பென் டிரைவை என் கையில் கொடுத்து, "ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும்மா, உங்க ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்து வச்சிடு" என்றாய். சரி என்றேன். கம்பெனியில் வெளி பென் டிரைவ் போடக் கூடாது. எல்லா மானிட்டர் மேலும் நாகராஜ் தாள் ஒட்டியிருந்தான். அது போதாதென்று ஒவ்வொருவர் மேஜைக்கும் வந்து சொல்லியும் இருந்தான். "வீட்டு வேலை எல்லாருக்கும் இருக்கும்க்கா. பிரிண்ட் எடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். என்கிட்ட கொடுங்க, ஸ்கேன் பண்ணி நானே எடுத்துத் தர்றேன். நேரா மட்டும் சொருகாதீங்க." இப்படிச் சொல்லும் ஆளிடம் கொடுப்பதில் எனக்கு என்ன கஷ்டம் இருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அன்று அவன் இரண்டாவது யூனிட்டில் பிரிண்டர் சரி செய்யப் போயிருந்தான். வர மத்தியானம் ஆகும் என்றார்கள். டீ நேரம், பக்கத்தில் யாரும் இல்லை. செருகினேன்.

உள்ளே மஞ்சளாக ஒரு ஃபோல்டர், ஆங்கிலத்தில் 'செந்தில் ஃபைனல்' என்ற பேரோடு. நாம் தினமும் பார்க்கும் ஃபோல்டர் மாதிரியே இருந்தது. இரண்டு தடவை தட்டினேன். திரையின் மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. நாலு வரி ஆங்கிலம். எனக்கு அந்த ஆங்கிலம் புரியும் கண்ணு. தினமும் அதைவிடக் கஷ்டமான ஆங்கிலத்தில்தான் மெட்டீரியல் ரசீது படிக்கிறேன். ஆனால் படிக்கவில்லை. மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டி மூடினேன். ஃபோல்டர் திறந்தது, உன் ரிப்போர்ட் இருந்தது, பிரிண்ட் எடுத்தேன். அந்த மஞ்சள் படம் ஃபோல்டரே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது ஒரு ப்ரோகிராம். உன் உண்மையான ஃபோல்டரை மறைத்து வைத்துவிட்டு, அதன் பேரையும் படத்தையும் தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் மூன்று ஆங்கில எழுத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் தானாக அந்த மூன்று எழுத்தை மறைத்துவிடும், நாம்தான் செட்டிங்கில் போய்க் காட்டச் சொல்ல வேண்டும். நீ இன்றைக்கே காட்டச் சொல்லு. பென் டிரைவ் செருகினால் தானாகத் திறந்துகொள்ளும் வசதியையும் அணைத்து வை. அது உன் பென் டிரைவில் எங்கிருந்து ஏறியது என்று எனக்குத் தெரியாது. பென் டிரைவ் பத்துப் பேர் கைக்குப் போய் வரும். அதை உன் தப்பு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்படி நினைக்காமலே உன்னைத் தண்டித்தேன். அதற்கு வருகிறேன்.

அரை மணி நேரத்தில் என் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. ஸ்டோர்ஸும் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்சும் சேர்ந்து பார்க்கும் பொது ஃபோல்டரைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு ஃபோல்டர் பேரிலும் புதிதாக ஒரு மஞ்சள் படம் வந்திருந்தது. நடுவில் உன் பேரும் இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பென் டிரைவை உருவி டிபன் பைக்குள் போட்டேன். பதற்றம் எதுவும் வரவில்லை. உள்ளே ஏதோ அணைந்தது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நாகராஜ் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். என் மேஜையைத் தாண்டித்தான் போனான். "சாப்டீங்களாக்கா" என்று கேட்டான். "ஆச்சுப்பா" என்றேன். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மத்தியானம் டிஸ்பாட்சிலிருந்து போன் வந்தது. பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கிற கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. லேபிள் ஃபைல்கள் எதையும் காணோம் என்றார்கள். லாரிகள் வாசலில் நின்றன. கையால் லேபிள் எழுதி ஒட்டினார்கள். அவசரத்தில் ஒரு வண்டியில் பிரேக் பார்ட்ஸ் பெட்டிகளுக்கு நம்பர் மாறிப் போனது. அதை வாங்குகிற கம்பெனியில் அதைப் பிரித்துப் பூட்டப் போகும்போதுதான் கண்டுபிடித்தார்களாம். அங்கே அவர்கள் வேலை நின்றது. எங்கள் ப்ளான்ட் மேனேஜருக்கு எங்கிருந்தெல்லாமோ போன் வந்தது. நாகராஜ் ஒவ்வொரு கம்ப்யூட்டராக வயரை உருவிக்கொண்டே வந்தான். என்னுடையதை உருவும்போது சூப்பர்வைசரிடம் சொன்னான்: "சார், ஆரம்பிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிருந்தா இந்த ஒரு வயரை மட்டும் உருவியிருப்பேன். டிஸ்பாட்சுக்குப் போயே இருக்காது." நான் நாற்காலியைத் தள்ளி அவனுக்கு வழிவிட்டு நின்றேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி அந்த வாக்கியத்தில் இருக்கிறது. ஆன்டி வைரஸ் போடு, அதை அன்றாடம் புதுப்பித்துக்கொள்ள விடு, விண்டோஸ் அப்டேட் கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. எல்லாம் செய். ஆனால் எல்லாம் செய்தாலும் ஒரு நாள் நீ தப்பான இடத்தில் தட்டுவாய். எல்லாரும் தட்டுகிறார்கள். தட்டியவுடன் நெட் வயரை உருவு, வயர் இல்லாத நெட் என்றால் அணை. பிறகு உடனே எழுந்து போய், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் "நான் இதைச் செய்துவிட்டேன்" என்று சொல். உன்னைத் திட்டுவார்கள். திட்டு அரை மணி நேரம் இருக்கும்.

சாயங்காலம் நாலு மணிக்கு நாகராஜ் என் மேஜைக்கு வந்தான். என் கம்ப்யூட்டரை வெளித் தொடர்பு இல்லாமல் தனியாக ஓடவிட்டு, பொது ஃபோல்டரின் ஒரு நகலைத் திறந்து வைத்துக்கொண்டான். திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினான். "அக்கா, செந்தில்னு நம்ம கம்பெனியில யாராச்சும் இருக்காங்களா?"

நம் வீட்டில் அந்த முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். பிறகு வந்த ஒவ்வொரு மாதமும் "செந்தில் எப்படிப் படிக்கிறான்" என்று கேட்டவன். நான் திரையைப் பார்த்தேன். "தெரியலையே நாகராஜ்" என்றேன்.

"சரிக்கா" என்றான். உன் பேர் இருந்த அந்த ஃபைலை என் கண் முன்னாலேயே அழித்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எச்.ஆர். மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர். அதட்டமாட்டார், அமைதியாகத்தான் கேட்பார். "யாரு பென் டிரைவ் போட்டதுன்னு சொல்லிட்டா இத்தோட முடிச்சிரலாம்" என்றார். யாரும் சொல்லவில்லை. என் முறை வந்தது. "நான் இல்லை சார்" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. கடைசியில் நாகராஜைப் பார்த்து, "எந்த மெஷின்ல ஆரம்பிச்சதுன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமாப்பா?" என்றார். "ரெண்டு நாள் டைம் கொடுங்க சார், பார்க்கறேன்" என்றான். என் பக்கம் திரும்பவில்லை. அந்த இரண்டு நாளும் அவன் எல்லா கம்ப்யூட்டரையும் அழித்து மறுபடி விண்டோஸ் ஏற்றினான். நான் ஸ்டாக் எண்ணினேன். மூன்றாம் நாள் அவனைக் கூப்பிட்டார்கள். "கண்டுபிடிக்க முடியலை சார்" என்றானாம். கம்ப்யூட்டர் பாதுகாப்பு உன் பொறுப்பு, அதில் கவனக்குறைவு என்று எழுதி, மாசக் கடைசியோடு காண்ட்ராக்டை முடித்துக்கொண்டார்கள். அவன் மேஜை டிராயரைக் காலி செய்யும்போது நான் குடோனுக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அவன் இல்லை.

நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும். எனக்கு ஒரு மெமோ கொடுத்திருப்பார்கள். ஒரு இன்க்ரிமென்ட் தள்ளிப் போயிருக்கலாம். பர்மனென்ட் ஆளை அதற்காக அனுப்பமாட்டார்கள். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். பயத்தில் மறைத்தேன் என்று சொன்னால் நீ என்னை மன்னித்துவிடுவாய். ஆனால் பயப்படும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆறு பேர் முன்னால் முகம் சிவக்க நிற்க வேண்டுமே என்பதுதான். அதற்காக.

ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "இப்ப போய்ச் சொன்னா அப்ப ஏன் பொய் சொன்னேன்னு கேப்பாங்க. செந்தில் படிப்பு முடியட்டும். வாயை மூடிட்டு இரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு அது வசதியாக இருந்தது. அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேனா என்று தெரியாது. அதன் பிறகு நான் அழவில்லை, தூக்கம் கெடவில்லை, சாப்பாடு குறையவில்லை. ஏழே காலுக்கு கம்பெனி பஸ் ஏறினேன், சாயங்காலம் இறங்கினேன். யாராவது சிரித்தால் சிரித்தேன். மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு சாமல்பட்டி போனபோது என்னைப் பார்த்து எல்லாரும் ஆள் தெளிஞ்சிருக்கே என்றார்கள். அந்த வருஷம் லீவு போடாமல் வந்ததற்குக் கம்பெனியில் ஒரு பரிசு கொடுத்தார்கள். மேடை ஏறி வாங்கினேன். என்ன கொடுத்தார்கள் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

இனி உன் விஷயம். அந்த வாரமே வீட்டுக் கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்கி, துணி போட்டு மூடி, மேலே பழைய பேப்பரை அடுக்கினேன். நீ வந்து கேட்டபோது, "கேம் விளையாடி மார்க் போச்சு, படிப்பு முடியற வரைக்கும் தொடாதே" என்று கத்தினேன். உன் மார்க் போகவில்லை. அந்தக் கம்ப்யூட்டரிலும் அதே மஞ்சள் ஃபோல்டர் இருக்கும், யாராவது பார்த்துவிடுவார்கள், எப்படியோ கம்பெனி வரைக்கும் போய்விடும் என்று நினைத்தேன். அப்படிப் போக வழியே இல்லை. ஆனாலும் மூடினேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்கடுத்த மூன்று மாதம் வேலைக்கு விண்ணப்பம் போடுகிற நேரம். நீ கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கண்ட பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து மெயில் பார்த்தாய். அங்கேதான் உனக்கு அந்த மெயில் வந்தது. உங்கள் கணக்கை மூடப் போகிறோம், இங்கே தட்டி பாஸ்வேர்டைப் போடுங்கள் என்று. மெயில் கம்பெனியே அனுப்பியது மாதிரி இருந்தது என்று நீ சொன்னாய். அரை மணி நேர டோக்கன் முடியப் போகிற அவசரத்தில் போட்டுவிட்டாய். மறுநாள் உன் மெயிலுக்குள் உன்னாலேயே போக முடியவில்லை. பெங்களூர் கம்பெனி ஒன்று உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்த கடிதம் அதற்குள் கிடந்தது. உன் கூடப் படித்தவன் சொல்லி உனக்குத் தெரியும்போது தேதி தாண்டிவிட்டது.

அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "என் முட்டாள்தனம்மா" என்றாய். நான், "இனியாவது ஜாக்கிரதையா இரு" என்றேன். அந்தப் பேச்சைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. வீட்டில் சுத்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்திருந்தால் நீ நிதானமாக உட்கார்ந்து படித்திருப்பாய், அந்த விலாசத்தில் ஒரு எழுத்து தப்பாக இருப்பதைப் பார்த்திருப்பாய். ஒன்றரை வருஷம் நீ வேலை இல்லாமல் இருந்ததற்குக் காரணம் உன் கவனக்குறைவு என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், நான் நினைக்க விட்டேன். எந்த மெயிலாவது பாஸ்வேர்ட் கேட்டால் அதிலிருந்து தட்டிப் போகாதே, விலாசத்தை நீயே அடித்துப் போ. மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்ட், பேங்குக்கு வேறு. பொதுக் கம்ப்யூட்டரில் வெளியே வரும்போது சைன் அவுட் செய். இவையெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் அவசரத்தில் ஏமாறுகிறார்கள். அவசரத்தை உனக்கு உண்டாக்கியது நான்.

போன மாதம் ஒரு நாள் ரிசப்ஷன் பெண் சாப்பிடப் போனபோது போன் போர்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூரிலேயே வேறொரு கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். "நாகராஜ்னு ஒருத்தர் உங்ககிட்ட சிஸ்டம்ஸ்ல இருந்தாராமே. எங்க இன்டர்வியூல செலக்ட் ஆயிருக்கார். ஆள் எப்படி, ஏன் வெளிய வந்தார்?" என்று கேட்டார். எனக்கு மறுபடி ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. "எச்.ஆர்.ல கேளுங்க சார்" என்று சொல்லி லைனை மாற்றினேன். எச்.ஆர். அறைக் கதவு எனக்குப் பின்னால் திறந்துதான் இருந்தது. "நல்ல பையன்தான் சார். ஆனா வைரஸ் விட்டு டிஸ்பாட்சையே நிறுத்திட்டான். அதனாலதான் அனுப்பினோம்" என்று அவர் சொன்னது முழுசாகக் கேட்டது. போனை வைத்துவிட்டு அவர் டீ கேட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அவர் அறைக்குப் போய், நின்றுகொண்டே சொன்னேன். பென் டிரைவ், சிவப்புக் கட்டம், உன் பேர், எல்லாம். தைரியம் வந்து சொன்னேன் என்று நினைக்காதே. ஏதோ ரசீதைப் படிப்பது மாதிரி சொன்னேன். "ஏம்மா, ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு இதைக் கிளறுறீங்க? உங்களை நான் என்ன பண்றது?" என்றார். என்ன வேண்டுமானாலும் பண்ணுங்கள், அவன் மேல் தப்பு இல்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அந்தக் கம்பெனிக்கும் போன் செய்து சொல்லுங்கள் என்றேன். போன் செய்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். கடிதத்துக்கு மூன்று வாரம் நடையாக நடந்தேன். எனக்கும் ஒரு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

போன புதன்கிழமை லீவு போட்டது உடம்பு சரியில்லாமல் இல்லை. கெலமங்கலம் போனேன். சந்தைக்குப் போகிற வழியில் நாகராஜ் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். செல்போன் ரீசார்ஜ், கம்ப்யூட்டர் ரிப்பேர். கொஞ்சம் இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் நாலே வரிதான். இரண்டு தடவை படித்தான். படித்துவிட்டு மடித்து டிராயரில் வைத்தான்.

"உனக்கு அன்னிக்கே தெரியும் இல்லையா நாகராஜ்" என்றேன்.

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா நீங்க மாட்டிக்கிட்டதா ஆயிடும். நீங்களே சொன்னா அப்படி இல்லை. அதுக்குத்தான் ரெண்டு நாள் டைம் கேட்டேன். நீங்க சொல்லிடுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒருவர் கேட்ட விவரத்துக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னான்.

மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றான். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் ஒருவர் தண்ணீரில் விழுந்த செல்போனைக் கொண்டு வந்து கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவன் அதைப் பிரிக்க ஆரம்பித்தான். நான் கிளம்பும்போது தலை தூக்காமல், "செந்தில் இப்ப என்ன பண்றான்?" என்று கேட்டான். புனேயில் வேலை கிடைத்திருக்கிறது, லேப்டாப் வாங்கியிருக்கிறான் என்றேன். "முக்கியமானதை எல்லாம் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க. ஒண்ணு லேப்டாப் பையிலயே இருக்கக் கூடாது" என்றான். சொல்கிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். மனசு பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தக்காளிக் கூடைகளோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள், பஸ் கிளம்பியது.

அவன் உன்னிடம் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். என்னிடமிருந்து உனக்கு வேண்டிய புத்திமதி வேறு எதுவும் இல்லை. நீ என்மேல் கோபப்படு, பேசாமல் இரு, எப்படி வேண்டுமானாலும் இரு. புனே போனதும் போன் செய்யாவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் உன்னை விசாரித்ததற்கு நீ நேரில் போய்ப் பதில் சொல்லு. எனக்காக மன்னிப்புக் கேட்கப் போகாதே, அது அவன் விருப்பம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கெலமங்கலத்துக்கு காலையில் எட்டு மணிக்கே பஸ் இருக்கிறது. கடை மத்தியானம் வரைக்கும்தான் திறந்திருக்கும்.

அம்மா